சுமோ ரோபோவும் வீடியோ லைட்டும்

வெள்ளிக்கிழமை காலை பதினோரு மணிக்குக் குவைத்திலிருந்து அம்மா போன் செய்வாள். அதற்குள் எனக்கு ஒரு வேலை கிடைத்திருக்க வேண்டும். வியாழக்கிழமை மத்தியானம் நான் திருப்பதியில் ஒரு பொறியியல் கல்லூரி ஹாலில், ஒரு கிலோ எடையுள்ள அலுமினியப் பெட்டியைக் கையில் பிடித்துக்கொண்டு வரிசையில் நின்றிருந்தேன்.

சித்தூர் மாவட்டத்தில், தமிழ்நாட்டு எல்லையை ஒட்டிய பாலசமுத்திரத்துக்குப் பக்கத்தில் எங்கள் ஊர். அம்மா குவைத்துக்கு வீட்டு வேலைக்குப் போனபோது நான் ஒன்பதாம் வகுப்பு. அதுவரை எங்களுக்கென்று ஒரு சென்ட் நிலம் கிடையாது. அவள் போன பிறகுதான் ஒரு ஏக்கர் ஆயிற்று. நைனா, அதாவது என் அப்பா, அதில் கரும்பு போட்டார். நான் சித்தூர்ப் பக்கம் ஒரு கல்லூரியில் எலக்ட்ரானிக்ஸ் சேர்ந்தேன். இரண்டு வருடத்துக்கு ஒருமுறை அம்மாவின் ஒப்பந்தம் முடியும். ஒரு மாதம் ஊரில் இருப்பாள். அந்த மாதம் முழுக்க என் தலையை வாரிவிட்டே ஓய்ந்துபோவாள். பிறகு மறுபடியும் கையெழுத்துப் போட்டுவிட்டுப் போய்விடுவாள். போனதும் அந்த வீட்டு எஜமானி, அம்மா 'மேடம்' என்று சொல்பவள், பாஸ்போர்ட்டை வாங்கி வைத்துக்கொள்வாள். மூன்று தடவை இப்படி நடந்தது. நாலாவது ஒப்பந்தம் என் கடைசி வருடப் படிப்போடு சேர்ந்து முடிய இருந்தது.

அதற்கு முந்தின வெள்ளிக்கிழமை போனில் அவள் சொன்னது இவ்வளவுதான்: "உனுக்கு வேல கெடச்சிதுன்னா நான் வந்துடறேன் பாப்பா. இல்லன்னா இன்னும் ரெண்டு வருசத்துக்குப் போட்டுடறேன். வர்ற வெள்ளிக்கெழம சொல்லுன்னு மேடம் நின்னுக்கினு கீது." போன் கார்டு தீர்ந்துபோய் லைன் அறுந்தது. எங்கள் வீட்டில் பெரிய முடிவுகள் எல்லாம் கார்டு தீருவதற்குள் எடுக்கப்பட்டவைதான்.

வேலை கிடைத்தால் என்று சொல்வது சுலபம். அது அமெரிக்காவில் பாங்கிகள் கவிழ்ந்த வருடம். எங்கள் சீனியர்களை பஸ் பஸ்ஸாக அள்ளிக்கொண்டு போன சாப்ட்வேர் கம்பெனிகள் எங்கள் முறை வந்தபோது எட்டிக்கூடப் பார்க்கவில்லை. அந்தச் சமயத்தில்தான் திருப்பதிக் கல்லூரியின் நோட்டீஸ் எங்கள் லேப் கதவில் ஒட்டப்பட்டது. சுமோ ரோபோ போட்டி. பெங்களூரில் தொழிற்சாலைகளுக்குத் தானியங்கி இயந்திரங்கள் செய்து கொடுக்கும் ஒரு கம்பெனி, ஜெயிக்கும் அணியின் இரண்டு பேரையும் நேராக வேலைக்கு எடுத்துக்கொள்ளுமாம். அந்த வரியை நான் நாலு தடவை படித்தேன். என் ஹாஸ்டல் அறைத் தோழியைக் கையைப் பிடித்து இழுத்து வந்து அவளையும் படிக்க வைத்தேன்.

சுமோ என்பது ஜப்பானில் இரண்டு குண்டு மனிதர்கள் ஒரு வட்டத்துக்குள் ஒருவரை ஒருவர் தள்ளிக்கொள்ளும் மல்யுத்தம். வட்டத்துக்கு வெளியே போனவன் தோற்றான். ரோபோவுக்கும் அதே விதிதான். நாலடி அகலத்தில் கறுப்புப் பலகை, சுற்றிலும் வெள்ளைக் கோடு. ஸ்விட்சைப் போட்டுவிட்டுக் கையை எடுத்துவிட வேண்டும். ஐந்து விநாடி கழித்து அதுவே கிளம்பி, எதிரியைத் தேடி, வெளியே தள்ள வேண்டும். ரிமோட் கிடையாது. நாம் நின்று வேடிக்கை பார்க்கலாம், பல்லைக் கடிக்கலாம்.

தோழி மதனப்பல்லிக்காரி, தெலுங்குப் பெண். அவளுக்குப் பொறுமை அதிகம். எனக்கோ கோபம் மூக்கின் மேல். நான் ஈயத்தை உருக்கி வயர்களுக்கு சால்டர் வைத்தேன், அவள் ப்ரோகிராம் எழுதினாள். பெயிண்டர்கள் சுவருக்குப் பட்டி பார்க்கும் தகட்டை முன்பக்கம் மண்வெட்டி மாதிரி வைத்தோம். சக்கரத்துக்கு சைக்கிள் டியூபை வெட்டி ஒட்டினோம். எதிரியைப் பார்க்க, டி.வி. ரிமோட்டில் வருமே கண்ணுக்குத் தெரியாத ஒளி, அதை அனுப்பித் திருப்பி வாங்கும் சென்சார் இரண்டு. எதிரி தெரிந்தால் முதுகில் ஒரு சிவப்புப் பல்பு எரியும். அடியில் இன்னும் இரண்டு சென்சார், வெள்ளைக் கோடு வந்தால் பின்வாங்குவதற்கு.

இந்தக் கோட்டு விஷயத்தில்தான் எங்களுக்குள் சண்டை. எதிரியைத் தள்ளிக்கொண்டிருக்கும்போதும் கோட்டைக் கவனிக்க வேண்டும் என்றாள் அவள். "தள்ளிக்கினு போறப்ப பாதியில பின்னால வந்தா அவன் நம்மளத் தள்ளிட மாட்டானா?" என்றேன் நான். எதிரியைக் கண்டுவிட்டால் கோட்டைப் பார்க்கவே கூடாது, முழு வேகத்தில் போக வேண்டும் என்று ஒரே பிடியாக நின்று, அப்படியே எழுத வைத்தேன். ஹாஸ்டல் மெஸ் மேஜை மேல் டியூப் லைட் வெளிச்சத்தில் மூன்று வாரம் ஓட்டிப் பார்த்தோம். ஒரு குறையும் இல்லை.

திருப்பதியிலும் மத்தியானம் முழுக்க ஒரு குறையும் இல்லை. நாலு ஆட்டம், நாலும் எங்களுக்கு. ஒவ்வொன்றும் பத்து விநாடிக்கு மேல் போகவில்லை. நாலாவது ஆட்டம் முடிந்தபோது உள்ளங்கையில் நகம் பதிந்து நாலு கோடு இருந்தது. தோழி இட்லிப் பொட்டலத்தைப் பிரித்து நீட்டினாள். நான் அதை வாங்கி வைத்துவிட்டுச் சக்கரங்களைத் துடைத்தேன்.

சாயங்காலம் இறுதி ஆட்டம். எதிரே சென்னைக் கல்லூரி ஒன்றிலிருந்து வந்த இரண்டு பையன்கள். அவர்களுடைய ரோபோ சிவப்பு வண்ணம் அடித்துப் பளபளவென்று இருந்தது. அது ஒளியால் பார்ப்பதில்லை, வௌவால் மாதிரி ஒலியை அனுப்பி எதிரொலியைக் கேட்டுக் கண்டுபிடிக்கும். மூன்று சுற்று, அதில் இரண்டை ஜெயித்தவருக்கு வேலை. கம்பெனியிலிருந்து வந்தவர் முன்வரிசையில் கால்மேல் கால் போட்டு உட்கார்ந்திருந்தார். அவருடைய ஷூவைத் தவிர எதுவும் என் கண்ணில் படவில்லை.

அப்போதுதான் நைனா உள்ளே வந்தார். சலவைச் சட்டை, நெற்றியில் விபூதி. பின்னால் எங்கள் ஊர்க் கல்யாணங்களுக்கெல்லாம் வீடியோ எடுக்கும் அண்ணன், தோளில் கேமரா, கையில் கம்பத்தோடு கூடிய பெரிய லைட்.

"வடமாலபேட்டையில பஸ்சு பஞ்சர் பாப்பா. முடிஞ்சி பூடுமோன்னு உசிரே போச்சி" என்றார் நைனா. "இவன இட்டுக்கினு வந்தேன். உங்கம்மா பாக்க வாணாமா?"

வெளியூர்க்காரர்களுக்கு இது சிரிப்பாக இருக்கும். எங்கள் பக்கத்தில் வீடியோ லைட் எரியாத விசேஷம் விசேஷமே அல்ல. காதுகுத்து, கிரகப்பிரவேசம், நிச்சயதார்த்தம் எதுவானாலும் சி.டி.யாகிவிடும். யாராவது குவைத்துக்குப் போகும்போது துணிக்கு நடுவில் வைத்துக் கொடுத்து அனுப்புவார்கள். என் மஞ்சள் நீராட்டை அம்மா அப்படித்தான் பார்த்தாள். மேடம் வீட்டில் எல்லோரும் தூங்கின பிறகு, சத்தத்தை அணைத்துவிட்டுப் பார்த்தாளாம். அதைக் கேட்ட நாளிலிருந்து வீடியோ என்றால் நான் வாய் திறப்பதில்லை. அன்றைக்கும் வேண்டாம் என்று சொல்ல மனசு வரவில்லை. சொல்லப்போனால் இடத்தைக் காட்டியதே நான்தான்.

"அண்ணா, அந்தப் பக்கம் எதுக்க நில்லு. என் மொகமும் ரோபோவும் சேந்து தெரியணும்."

அண்ணன் நைனாவோடு வளையத்துக்கு எதிரே போய் நின்று லைட்டைப் போட்டார். ஹாலே கல்யாண மண்டபமாகிவிட்டது. பின்வரிசையில் யாரோ நாதஸ்வரம் வாசிப்பது போல் வாயால் ஊத, எல்லோரும் சிரித்தார்கள். எனக்கும் சிரிப்பு வந்தது. அன்றைக்கு நான் சிரித்தது அந்த ஒரு தடவைதான்.

நடுவர் விசில் ஊதினார். இரண்டு பேரும் ஸ்விட்சைப் போட்டுக் கையை எடுத்தோம். ஐந்து விநாடி. எங்கள் ரோபோ கிளம்பியது. சிவப்பு ரோபோ இடதுபக்கம் இருந்தது. எங்களுடையது அதைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. நேராக, முழு வேகத்தில், வீடியோ அண்ணனை நோக்கி ஓடியது. வெள்ளைக் கோட்டைத் தாண்டியது. பலகையிலிருந்து தொப்பென்று தரையில் விழுந்து, கவிழ்ந்து, சக்கரம் இரண்டும் சுற்றிக்கொண்டேயிருந்தது. எதிரி தொடவேயில்லை.

ஹாலில் எழுந்த சிரிப்பு இன்னும் என் காதில் இருக்கிறது. கம்பெனிக்காரரும் சிரித்தார்.

"ஏமைந்தே?" என்று தோழி என் தோளைப் பிடித்து உலுக்கினாள். என்ன ஆச்சு என்று எனக்கு மட்டும் தெரியுமா என்ன? அடுத்த சுற்றுக்கு இரண்டு நிமிடம்தான் இடைவெளி. பெட்டியைத் தூக்கிக் குலுக்கினேன். பேட்டரி வயரை அழுத்தினேன். சென்சார் வயர் விட்டுப் போயிருக்கும் என்று ஒவ்வொன்றாக இழுத்துப் பார்த்தேன். எல்லாம் கெட்டியாக இருந்தன. கோட்டைப் பார்க்கச் சொல்லியிருந்தால் விளிம்பிலாவது நின்றிருக்கும் என்று அவள் சொல்லவில்லை. சொல்லாமல் இருந்தது இன்னும் வலித்தது. எனக்குத் தெரிந்துவிட்டது, நாளைக்குப் பதினோரு மணிக்கு அம்மா கையெழுத்துப் போட்டுவிடுவாள். இன்னும் இரண்டு வருடம். கண் கலங்கி வயர்கள் மங்கலாகத் தெரிந்தன.

அப்போது தோழி, "பல்பு பாரு" என்றாள்.

என் கையிலிருந்த பெட்டியின் முதுகில் சிவப்புப் பல்பு எரிந்துகொண்டிருந்தது. எதிரே ரோபோ எதுவும் இல்லை. நான் சுவர்ப் பக்கம் திரும்பினேன். பல்பு அணைந்தது. மறுபடி திரும்பினேன். எரிந்தது. இன்னும் ஒருமுறை திரும்பிப் பார்த்தேன். பெட்டியின் முகம் எப்போதெல்லாம் நைனாவின் பக்கம் போகிறதோ அப்போதெல்லாம் எரிந்தது. அந்தக் கல்யாண லைட்டிலிருந்து கண்ணுக்குத் தெரியும் வெளிச்சத்தோடு கண்ணுக்குத் தெரியாத ஒளியும் கொட்டிக்கொண்டிருந்தது. எங்கள் சென்சார் அதை எதிரி என்று எடுத்துக்கொண்டது. டியூப் லைட்டில் அந்த ஒளி இல்லாததால் மூன்று வாரமும் எங்களுக்குத் தெரியவில்லை. எதிரியைக் கண்டால் கோட்டைப் பார்க்காதே என்று சொல்லிக் கொடுத்தவளும் நான்தான். எங்கள் ரோபோ சொன்ன பேச்சைத் தட்டாமல் கேட்டிருந்தது.

நடுவரிடம் ஓடினேன். லைட்டை அணைக்கச் சொல்லுங்கள் என்றேன். வேடிக்கை பார்ப்பவர்கள் வீடியோ எடுக்கக் கூடாது என்று விதியில் இல்லையே என்றார். அது உங்கள் வீட்டு ஆள்தானே, "அதி மீ இஷ்டம்மா", உங்கள் இஷ்டம் என்று தெலுங்கில் சொல்லிவிட்டுக் கடிகாரத்தைப் பார்த்தார். முப்பது விநாடி இருந்தது.

நான் நிதானமாக நடந்து போய் விஷயத்தைச் சொல்லியிருக்கலாம். பத்தடி தூரம்தான். ஆனால் நின்ற இடத்திலிருந்தே கத்தினேன்.

"அந்த எழவு லைட்ட நிறுத்து நைனா!"

நைனாவுக்குப் புரியவில்லை. சிரித்த முகத்தோடு அண்ணனைப் பார்த்தார். "லைட்டு இல்லன்னா ஒன்னும் உழாது தங்கச்சி. இருட்டா பூடும்" என்றார் அண்ணன்.

"உழலன்னா போவட்டும்! நிறுத்துண்ணா!"

"உங்கம்மா பாக்கணுமே பாப்பா" என்றார் நைனா மெதுவாக.

"அம்மா பாக்கணுமா, வரணுமா? உன்னாலதான் தோத்துக்கினு கீறேன் நைனா. எதுக்கு வந்த நீ? யாரு உன்னக் கூப்ட்டது?"

ஹாலில் தமிழ் தெரிந்தவர்கள் பாதிப் பேர் இருந்திருப்பார்கள். தெரியாதவர்களுக்கும் என் குரலே போதும். நைனாவின் முகம் சுருங்கிப்போனது. அவர் கையை ஆட்டினார், லைட் அணைந்தது. விசில் ஊதினார்கள். நான் பெட்டியைப் பலகையில் வைத்தேன். ஸ்விட்ச் இரண்டாவது தடவைதான் விழுந்தது.

ஐந்து விநாடியும் பல்பு அணைந்தே இருந்தது. ரோபோ கிளம்பி அரைவட்டம் திரும்பியது. சிவப்பு ரோபோ எதிரே வந்ததும் பல்பு எரிந்தது. தகடு அதன் அடியில் போய்ச் செருகிக்கொள்ள, முன்சக்கரம் தூக்கிக்கொண்டு, சத்தமில்லாமல் அது வெளியே போய் விழுந்தது. ஒன்றுக்கு ஒன்று.

கடைசிச் சுற்றுக்கு முன்னால் சென்னைப் பையன்கள் பேட்டரியை மாற்றினார்கள். எங்களிடம் மாற்று பேட்டரி இல்லை. தோழி என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

இந்தத் தடவை இரண்டும் நேருக்கு நேர் மோதிக்கொண்டன. புதுப் பேட்டரியின் பலம் சிவப்பு ரோபோவுக்கு. எங்கள் ரோபோ பின்னால் நகர ஆரம்பித்தது. ஒரு சாண். சைக்கிள் டியூப் பலகையில் தேய்ந்து ரப்பர் வாசனை வந்தது. இன்னும் ஒரு சாண். பின்சக்கரம் வெள்ளைக் கோட்டின் மேல் ஏறிவிட்டது. தோழி எழுத நினைத்த ப்ரோகிராமாக இருந்தால் இந்த இடத்தில் விலகி ஓடப் பார்த்திருக்கும். எங்களுடையது கோட்டைப் பார்க்காமல் முன்னால் தள்ளிக்கொண்டே நின்றது. எனக்கு ஹால் மறந்துவிட்டது. நான் பிடித்து நிறுத்தினால் நிற்கும் என்பது போல் பக்கத்திலிருந்த மேஜையின் விளிம்பை அழுத்திக்கொண்டிருந்தேன்.

இரண்டும் மூக்கோடு மூக்கு ஒட்டியிருந்தன. ஒலியால் பார்க்கும் கண்ணுக்கு அவ்வளவு பக்கத்தில் இருப்பது தெரியாது என்று பிறகுதான் படித்தேன். எதிரியைக் காணோம் என்று நினைத்த சிவப்பு ரோபோ, தேடுவதற்காகத் தன் பக்கத்தைத் திருப்பியது. அந்தத் திருப்பத்தில் தகடு அதன் விலாவில் செருகியது. பிறகு எல்லாம் மூன்றே விநாடி. வளையத்தின் இந்த விளிம்பிலிருந்து அந்த விளிம்பு வரை பல்பு எரிய எரியத் தள்ளிக்கொண்டு போய் இறக்கியது. அதன் பின்னாலேயே எங்களுடையதும் விழுந்தது. எங்களுடையது விழுவதற்கு முன்பே விசில் வந்துவிட்டது.

தோழி என்னைக் கட்டிக்கொண்டு அழுதாள். மைக்கில் கம்பெனிக்காரர் எங்கள் இருவரையும் பெங்களூருக்கு வரவேற்றார். நான் நைனாவைத் தேடினேன். அவர் நின்ற இடத்தில் யாரும் இல்லை.

கல்லூரி வாசலில் டீக்கடையில் இருந்தார். வீடியோ அண்ணனுக்கு பன் வாங்கிக் கொடுத்துக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும் எழுந்தார்.

"முடிஞ்சிதா பாப்பா?"

"ஜெயிச்சிட்டோம் நைனா."

"கேட்டியாடா, ஜெயிச்சிடுச்சாம்!" என்று அண்ணனின் முதுகில் தட்டினார். பிறகு என்னிடம், "நான் உள்ள நின்னா இன்னும் எதனா கெட்டுப் பூடும்னு வந்துட்டேன்" என்றார். அவர் அதைக் குறையாகச் சொல்லவில்லை. அதுதான் எனக்குத் தாங்கவில்லை. மன்னிப்புக் கேட்கும் பழக்கம் எங்கள் வீட்டில் ஒருவருக்கும் கிடையாது. "டீ குடிச்சியா?" என்று கேட்டேன். குடித்தேன் என்றார். இன்னொரு டீ வாங்கிக் கொடுத்தேன்.

மறுநாள் சரியாகப் பதினோரு மணிக்குப் போன் வந்தது. "கெடச்சிதா?" என்றாள் அம்மா. "கெடச்சிடுச்சி" என்றேன். "அப்போ மேடத்துகிட்ட சொல்லிடறேன்" என்றாள். எந்த ஊர் என்று அவள் கேட்கவில்லை. நானும் சொல்லவில்லை, நைனாவையும் சொல்ல விடவில்லை. கார்டு தீர்ந்துவிடும் என்பதற்காக அல்ல. பெங்களூர் என்று சொன்னால், நீயே அங்க இருக்கப்போற, நான் இங்க வந்து யாருக்கு ஆக்கிப் போடறது என்று அவள் கையெழுத்துப் போட்டுவிடுவாள். அந்தப் பயம்தான்.

பரீட்சை முடிந்து ஒரு வாரம் கழித்து அம்மா வந்தாள். சென்னை விமான நிலையத்துக்கு நைனாவும் நானும் வேன் எடுத்துக்கொண்டு போனோம். முடி பாதி நரைத்திருந்தது. பெட்டிகளை ஏற்றும்வரை என் கையை விடவில்லை. திருத்தணி தாண்டியதும் மடியிலிருந்த பையைப் பிரித்து, மூடி போட்ட சாப்பாட்டு டப்பா ஒன்றை எடுத்தாள். சூடு ஆறாமல் இருக்குமாம்.

"காலையில எத்தினி மணி பஸ்சு உனுக்கு?" என்றாள். "அதுக்கு முன்னால சோறு வடிக்கணும் இல்ல. வேல சித்தூர்லதானே?"

நைனா என்னைப் பார்த்தார். பிறகு ரோட்டைப் பார்த்தார்.

"பெங்களூரும்மா" என்றேன். "திங்கக்கெழம போவணும்."

அம்மா டப்பாவின் மூடியைத் திறந்து, மறுபடி மூடினாள். அழுவாள் என்று நினைத்தேன். ஏன் சொல்லலை என்று திட்டுவாள் என்று நினைத்தேன். திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

"அங்கியே தங்கணுமா?"

"ஆமாம்மா."

"பாஸ்போர்ட்ட வாங்கி வச்சிக்குவாங்களா?"

"பெங்களூருக்கு எதுக்கும்மா பாஸ்போர்ட்டு?"

அவள் தலையாட்டினாள். கொஞ்ச தூரம் போன பிறகு, "லீவு ரெண்டு வருசத்துக்கு ஒரு தபாவா?" என்றாள்.

"இல்லம்மா. வாரத்துல ரெண்டு நாளு."

"வாரத்துலயா?" அவள் முகத்தில் நிஜமாகவே ஆச்சரியம். என் முழங்காலைத் தட்டிக்கொடுத்தாள்.

"அப்போ நல்ல வூடாத்தான் கெடச்சிக்கீது உனுக்கு" என்றாள்.